பதினான்காம் கட்டத்தில் நூறு கோடி பேர்

என் மனைவிக்குப் பொய் எழுத வராது. பேசுவாள், அதில் குறை சொல்ல முடியாது. தன் அண்ணன் எடுத்துக் கொடுத்த சட்டையில் நான் மூச்சுத் திணறி நிற்கும்போது "ராஜா மாதிரி இருக்கீங்க" என்று கூசாமல் சொல்வாள். ஆனால் கையில் பேனா ஏறிவிட்டால் உண்மையைத் தவிர வேறெதுவும் இறங்காது. அதனால்தான் வருஷா வருஷம் வரும் வயல் கணக்கெடுப்புப் படிவத்தை நானே நிரப்பி அனுப்புவேன். இந்த வருஷம் பார்த்து, சுத்தியல் ஆணியை விட்டுவிட்டு என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது.

"குடுங்க, நான் எழுதறேன்" என்றாள். கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படிவத்தில் முப்பத்தோரு கட்டங்கள். பதினான்காம் கட்டம் இப்படிக் கேட்கும்: 'இவ்விடத்தில் நாள்தோறும் உண்மையாக வேலை செய்வோர் எண்ணிக்கை. பொய்த் தகவல் தண்டனைக்குரியது.' நான் வழக்கமாக 'இரண்டு' என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். இவள் எழுதியது: 'நாங்கள் இருவர். வேரடியில் உதவியாளர்கள், ஒரு கரண்டி மண்ணுக்கு நூறு கோடி பேர்.'

அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எங்களுக்கு இருப்பது ஒரு சின்னத் தக்காளி வயல். முந்தைய இரண்டு வருஷமும் வெயில் கொளுத்தியதில் இலை சுருண்டு, பூ உதிர்ந்து, மிஞ்சியது குச்சிதான். இரண்டாம் வருஷ முடிவில் என் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், மெத்தைக் கடை வைத்திருக்கிறார்.

"மாப்ள, இந்தக் கருமத்தை விட்டுட்டு நம்ம கடைக்கு வந்துடுங்க. ஒண்ணும் பெரிய வேலை இல்ல. வாசல்ல ஒரு மெத்தை போட்டிருக்கேன். அதுல படுத்து, நிம்மதியா இருக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கணும். அவ்வளவுதான்."

போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க நடுத்தெருவில் நான் படுத்துக் கிடக்க வேண்டுமாம்! இந்த ஒரு தடவை மட்டும் நட்டுப் பார்க்கிறேன், இதுவும் போனால் வந்து படுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் மச்சினி, கலங்கிய பால் மாதிரி ஏதோ ஒன்றைப் பாட்டிலில் கொண்டுவந்தாள். "மாமா, நாத்தோட வேரை இதுல அரை மணி நேரம் ஊற வச்சு நடுங்க."

"என்னம்மா இது?"

"பாக்டீரியா."

"கிருமியா? ஏற்கெனவே செத்துக்கிட்டிருக்கிற செடிக்கா?"

"எல்லாப் பாக்டீரியாவும் ரவுடி இல்ல மாமா. இது வேரைச் சுத்திக் குடியிருந்துக்கிட்டு செடிக்கு ஒத்தாசை பண்ற ஜாதி. நட்டுட்டுப் பேசுங்க."

நட்டேன். வெயிலும் வந்தது, போன வருஷத்தைவிட ஆங்காரமாக. அக்கம்பக்கத்து வயல்கள் எல்லாம் பொசுங்கின. எங்கள் செடிகள் மத்தியானம் கொஞ்சம் தலையைத் தொங்கப்போடும், சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துகொள்ளும். பூ நின்றது. காய் பிடித்தது. இன்னும் ஆறு நாளுக்குள் பறித்தாக வேண்டும் என்ற நிலையில், வயல் தொழிலாளர் நலத்துறையிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். தோளில் சிவப்பு நாடாச் சுருள். கையில் உறைக்குள் அரக்கு முத்திரையோடு ஒரு கரண்டி.

"நூறு கோடிப் பேரைப் பதிவு பண்ணாம வேலை வாங்கறது நீங்கதானா?" என்றார்.

நாடாக்காரர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வயலைச் சுற்றி நாடாவைக் கட்டினார். பதிவு முடியும்வரை ஒரு காயைக்கூடத் தொடக் கூடாது என்றார். பிறகு உறையைப் பிரித்து, கரண்டியைத் துடைத்து, வரப்போரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கரண்டிக்கு நூறு கோடின்னு எழுதியிருக்கீங்க. அப்ப மொத்த வயலும் எத்தனை கரண்டின்னு தெரியணுமே." ஒரு கரண்டி மண்ணை எடுத்து இந்தப் பக்கம் கொட்டினார். "ஒண்ணு."

சாயங்காலம் அவர் கிளம்பும்போது எண்ணூற்றுப் பன்னிரண்டு. முதல் செடியைக்கூட எட்டவில்லை. மறுநாள் காலையில் வந்து, எண்ணிய மண்ணும் எண்ணாத மண்ணும் காற்றில் கலந்துவிட்டது என்று மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் கொடுத்திருக்க மாட்டேன்.

அதற்கும் மறுநாள் துறை அலுவலகத்துக்குப் போனோம். நீளமான கூடம், அதில் நாற்பத்திரண்டு நாற்காலிகள். பாதியில் சட்டையோ பையோ மட்டும் உட்கார்ந்திருந்தன. மீதியில் ஆட்கள், ஆனால் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. டீ அக்கா ஒருத்திதான் நடமாடிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பெரிய மேஜை. மேஜைக்குப் பின்னால் கண்காணிப்பாளர். பச்சை மையில்தான் எழுதுவார் என்பதால் ஊரே அவரைப் பச்சை மை என்றுதான் சொல்லும்.

மேஜைக்குப் பக்கத்தில் தொட்டியில் ஒரு செடி. துறையின் சின்னமாம். அதைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர். தண்ணீர் ஊற்ற ஒருவர், ஊற்றியதை அளக்க ஒருவர், அளந்ததைச் சரிபார்க்க ஒருவர் என்று போகிறது பட்டியல். செடியில் மூன்று இலைகள் இருந்தன. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒன்று விழுந்தது. உடனே ஒருவர் எழுந்து வந்து, 'இலை உதிர்வுப் பதிவேடு' என்று எழுதிய தடிமனான நோட்டில் அதைக் குறித்துப் பச்சை மையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

"நாளைக்கு வாங்க" என்றார் பச்சை மை, எங்களை ஏறிட்டும் பார்க்காமல்.

"சார், இன்னும் நாலு நாள்ல பழம் அழுகிடும்" என்றேன்.

"அழுகினதுக்கப்புறம் நிரப்பறதுக்குத் தனிப் படிவம் இருக்கு. கவலைப்படாதீங்க."

என் மனைவி நகரவில்லை. அவள் நகராவிட்டால் யாரும் நகர்த்த முடியாது, பதினாறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். பச்சை மை பெருமூச்சு விட்டு ஒரு படிவத்தை உருவினார்.

"தொழிலாளிங்களோட வயசு?"

"அரை மணி நேரம் சார்" என்றாள்.

"அரை மணி நேரமா வேலை பார்க்கிறாங்களா?"

"இல்ல சார், வயசே அவ்வளவுதான். நல்ல சாப்பாடு கிடைச்சா அரை மணிக்கு ஒரு தரம் ரெண்டா பிரிஞ்சிடும். மறுபடி வயசு பூஜ்யம்."

அவர் கையிலிருந்து பேனா நழுவியது. "குழந்தைத் தொழிலாளர்! நூறு கோடிக் குழந்தைங்க!" கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திடுக்கிட்டு விழித்துவிட்டு, விஷயம் தங்களைப் பற்றியது அல்ல என்று தெரிந்ததும் திரும்பத் தூங்கினார்கள். "எங்க வேலை செய்யுது?"

"மண்ணுக்கடியில, வேர்ல."

"அப்ப சுரங்கம். சம்பளம்?"

"செடி வேர் வழியா சர்க்கரை கசிய விடும். அதைச் சாப்பிட்டுக்கும்."

"வெறும் சாப்பாட்டுக்கு வேலையா? கொத்தடிமை முறை." மூன்று குற்றங்களையும் பச்சையில் எழுதி அடிக்கோடிட்டார். "சரி, அப்படி என்னதான் வேலை செய்யுது?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவள் காத்திருந்தாள். தங்கை சொல்லிக் கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "மண்ணுல சில சத்து கல்லு மாதிரி பூட்டிக் கிடக்கும் சார், வேரால எடுக்க முடியாது. இதுங்க அமிலத்தை விட்டு அதைக் கரைச்சு வேருக்குக் குடுக்கும்."

பச்சை மையின் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டுக் கரைக்குது? பூட்டியிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்மா. அந்த அலமாரியைப் பாருங்க. இருபத்தேழு வருஷத்துக் கோப்பு உள்ள பூட்டியிருக்கு. நாங்க என்னிக்காவது கரைச்சிருக்கோமா?"

"இல்ல சார்" என்றேன், மரியாதையாக.

"அப்புறம் வெயில் சார்" என்று தொடர்ந்தாள் இவள். "வெயில் தாங்கலைன்னா செடி பதறிப்போய் ஒரு வாயுவை உண்டாக்கும். அது ரொம்ப அதிகமானா செடி தன் இலையைத் தானே பழுக்க வச்சு உதிர்த்துடும். அந்த வாயு எதுலேர்ந்து உண்டாகுதோ அதை இந்தப் பாக்டீரியா முன்னாடியே தின்னுடும். செடி பதறாது, வேரை இன்னும் நீளமா விட்டுத் தண்ணியைத் தேடிக்கும்."

"தப்பு!" மேஜையைத் தட்டினார். தொட்டிச் செடியில் இருந்த இரண்டில் ஒன்று விழுந்தது. நோட்டுக்காரர் எழுந்து வந்தார். "மேல சூடு ஏறினா கீழ இருக்கிறவன் பதறணும். அதுக்குப் பேர்தான் நிர்வாகம். எங்க இயக்குநர் ஒரு தரம் தும்மினா இந்தக் கூடத்துல நாற்பத்திரண்டு பேரும் பதறுவோம். பதறாம இருந்தா நாங்க வேலை பார்க்கறது அவருக்கு எப்படித் தெரியும்?"

"கெட்ட பூஞ்சை வந்து வேர்ல ஒட்டாம இருக்கிறதுக்கு, எல்லா இடத்தையும் இதுங்களே முன்னாடி பிடிச்சு உட்கார்ந்துக்கும் சார்."

"நல்லவங்களே எல்லா இடத்தையும் பிடிச்சுக்கிட்டா" என்றார் பச்சை மை, "மத்தவங்க எல்லாம் எங்கம்மா போவாங்க?" அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது.

கடைசியில் உத்தரவு ஆயிற்று. தொழிலாளர்களை நேரில் ஆஜர்படுத்த வேண்டும். எல்லோருக்கும் இடம் போதாது என்பதால் பிரதிநிதிகள் மட்டும் வந்தால் போதும்.

மறுநாள் ஒரு தக்காளிச் செடியை வேரோடும் மண்ணோடும் வாளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். அதைப் பிடுங்கும்போது அதிலிருந்த ஒன்பது காய்களும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. மச்சினி தன் கூடத்திலிருந்து நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேரைக் கொஞ்சம் கழுவி, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் வைத்தாள். கைநாட்டு வாங்க வந்தவர் கண்ணாடியில் மைப்பெட்டியை அழுத்தப் பார்த்தார். விரல் இல்லை என்று மச்சினி விளக்கியதும், 'கைநாட்டு வைக்க மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பச்சை மையே குனிந்து பார்த்தார். "ஓரமா ஒண்ணு தனியா நிக்குது. இதை முதல் ஆளா வச்சுக்குவோம். தொழிலாளி எண் ஒன்று." நாற்காலியில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தார். அவர் எழுத்து ஒவ்வொன்றும் கோலம் போடுகிற மாதிரி வளரும். நடுவில் ஒரு டீ வந்தது. அதைக் குடித்துவிட்டு, மூக்கு எப்படியிருக்கிறது என்று அடையாளக் குறிப்பு எழுதுவதற்காக மறுபடி குனிந்தார்.

"யார் உள்ள விட்டது?" என்று கத்தினார். "ரெண்டு பேர் நிக்கறாங்க!"

"அதேதான் சார், பிரிஞ்சிடுச்சு" என்றாள் மச்சினி.

"இதுல விண்ணப்பதாரர் யாரு?"

யாருக்கும் தெரியவில்லை. தலைமை எழுத்தர் பார்த்துவிட்டு இடதுபக்கம் என்றார். துணை எழுத்தர் வலதுபக்கம் என்றார். சட்டப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்ப்பதற்குள் நான்காகிவிட்டது. விண்ணப்பத்தை நான்கு பிரதி எடுக்கச் சொன்னார்கள், பிரதி வருவதற்குள் எட்டு. கூடத்தில் முதல்முறையாக எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் விரலை மடக்கி எண்ணினேன். இன்னும் மூன்றே நாள். மெத்தையில் நான் படுத்திருக்க, தெரிந்தவர்கள் எல்லாம் வந்து கையை அழுத்திப் பார்த்து "மெத்தை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது போலக் காட்சி தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், அது பிள்ளை பெத்திருக்கு. பேறுகால விடுப்பு கிடையாதா?"

நின்றிருந்த எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். விடுப்பு என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் அவ்வளவு மரியாதை. சட்டப் பிரிவுக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். "பிள்ளை பெற்ற தொழிலாளி எவருக்கும் ஆறு மாத விடுப்பு உண்டு. விடுப்பில் இருப்பவர் வேலையில் இருப்பதாகக் கருதப்படமாட்டார்."

"அப்ப பிள்ளை பெத்தவங்களைக் குழந்தைன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றார் அவர், யோசித்து.

"விடுப்புல இருக்கிறவங்களை சுரங்கத்துல வேலை வாங்கினேன்னு சொல்ல முடியுமா? கொத்தடிமைன்னு சொல்ல முடியுமா? அரை மணிக்கு ஒரு தரம் பெத்துக்கறாங்க. ஒரு ஆறு மாசம் முடியறதுக்குள்ள எத்தனை ஆறு மாசம் சேர்ந்துடுது பாருங்க. எங்க வயல்ல இருக்கிற ஒவ்வொண்ணும் பிறந்ததுலேர்ந்து விடுப்புலதான் இருக்கு சார். வேலை செய்யறது நாங்க ரெண்டு பேர்தான்."

பச்சை மை மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். கண்ணில் நீர் கோத்தது. "பிறந்ததுலேர்ந்து விடுப்பா..." என்றார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஊழியரை நான் பார்த்ததில்லம்மா." எழுந்து நுண்ணோக்கியைப் பார்த்து லேசாகத் தலை வணங்கினார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்றே உத்தரவு எழுதினார். வயலில் வேலை செய்வோர் இருவர் மட்டுமே. பயிர் 'துறையின் வழிகாட்டுதலால் தானாக வளர்ந்தது'. வாளி மட்டும் சாட்சிப் பொருளாக அங்கேயே இருக்க வேண்டும். அதோடு, இனி எங்கே ஒரு தொட்டி மண் இருந்தாலும், அது யாருடைய கட்டிடமாக இருந்தாலும், இதே படிவத்தை நிரப்பியாக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் போட்டார். இதனால் பதவி உயர்வு வரும் என்று அவருக்கு நம்பிக்கை.

நாங்கள் ஓடினோம். நாடாக்காரர் இரண்டாயிரத்து நூற்று ஆறாவது கரண்டியில் இருந்தார். உத்தரவைப் படித்துவிட்டு, விட்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டுப் போனார். நானும் அவளும் மச்சினியும் இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் பறித்தோம். மச்சான்கூட வந்து பெட்டி தூக்கினார். கொஞ்சம் வெடித்துப் போயிருந்தது, மற்றதெல்லாம் கல்லு மாதிரி, சிவப்பாக. கடைசிப் பெட்டி வண்டியில் ஏறியதும் நான் வரப்பில் உட்கார்ந்து சிரித்தேன். மச்சான் முகம்தான் வாடிக் கிடந்தது.

"நம்ம வாசல் மெத்தை காலியாவே கிடக்குது மாப்ள" என்றார்.

இரண்டு மாதம் கழித்து வாளியைக் கேட்டு வாங்கப் போனோம். கூடத்துக்குள் நுழைந்ததும் நான் இடம் மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். தொட்டிச் செடி ஜன்னல் உயரத்துக்குப் படர்ந்து, பளபளவென்று பச்சையாய் நின்றது. அடியில் ஏகப்பட்ட குருத்து. இலை உதிர்வுப் பதிவேட்டுக்காரர் வெறும் நோட்டை வைத்துக்கொண்டு, வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"வாளி நாறிப்போச்சு" என்றாள் டீ அக்கா ரகசியமாக. "எங்க கொட்டறதுன்னு கேட்டா நாலு கையெழுத்து வேணும்னாங்க. போங்கடான்னு மண்ணோட இந்தத் தொட்டியிலயே கொட்டிட்டேன்."

அவள் முன்னால் அந்தப் படிவம் கிடந்தது. தொட்டி இருப்பதால் அலுவலகமும் நிரப்பியாக வேண்டும். பச்சை மை தலைமை எழுத்தருக்குத் தள்ள, அவர் துணைக்குத் தள்ள, மேஜை மேஜையாக நகர்ந்து கடைசியில் டீத்தட்டில் வந்து விழுந்திருக்கிறது. பதின்மூன்று கட்டங்கள் முடித்திருந்தாள்.

"பதினாலாவதுல என்னம்மா எழுத?" என்று என் மனைவியைக் கேட்டாள்.

"உண்மையை எழுதுங்கக்கா. பொய்த் தகவல் தண்டனைக்குரியதுன்னு போட்டிருக்கு பாருங்க."

டீ அக்கா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள். பிறகு நிதானமாக எழுதினாள்: 'தொட்டிக்குள் ஒரு கரண்டி மண்ணுக்கு நூறு கோடி பேர். தொட்டிக்கு வெளியே நான் ஒருத்தி.' பச்சை மை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படித்துவிட்டுப் போடுவதில்லை.

அடுத்த வாரம் நாடாக்காரர் அந்த அலுவலகத்தையே சுற்றிக் கட்டிவிட்டார். அவருக்குப் படிவம்தான் கணக்கு, முகம் கிடையாது. தொட்டிக்குள் இருப்பவர்களைப் பற்றிப் பிரச்சினை இல்லை, பழைய உத்தரவுப்படி அவர்கள் விடுப்பில் இருக்கிறார்கள். டீ அக்கா படிவத்தில் இருக்கிறாள், உள்ளே விட்டார். மீதி நாற்பத்திரண்டு பேரும் அங்கே வேலை செய்வதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. வேலை செய்யவில்லை என்பதற்குக் கண்காணிப்பாளரின் பச்சைக் கையெழுத்தே இருந்தது. மேல்முறையீடு நடக்கிறதாம். அதுவரை வெளியே இருக்க வேண்டும்.

போன வாரம் மச்சான் கடைப் பக்கம் போனோம். வாசலில் கூட்டம். விலக்கிக்கொண்டு பார்த்தால், மெத்தையில் மல்லாந்து, வயிற்றில் கை கோத்து, பச்சை மை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மாப்ள, நீங்க வந்திருந்தாக்கூட இந்த அமைப்பு வராது" என்றார் மச்சான் பூரித்துப்போய். "பத்து மணிக்குப் படுத்தார்னா அஞ்சு மணி வரைக்கும் அசையறதில்ல. எதிர்க்கடைக்காரன்கூட வந்து பார்த்துட்டுப் போறான். வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது."

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் குனிந்து, மெத்தை என்ன விலை என்று அவரிடமே கேட்டார்.

பச்சை மை கண்ணைத் திறக்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்றார்.